வலது மணிக்கட்டு

மூன்றாவது பட்டையிலும் தண்ணீர் ஏறிவிட்டது.

ஜானு இரண்டு கைகளையும் வாளியிலிருந்து எடுத்து, ரப்பர் பட்டைகளை உருட்டிக் கழற்றி, உள்ளே சுற்றியிருந்த மெல்லிய காகிதங்களை உருவினாள். வலது கைக் காகிதம் சொதசொதவென்று வந்தது. இடது கைக் காகிதம் அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது.

மயிலாப்பூரில் ஒரு பால்கனியில், ஐஸ் மிதக்கிற வாளிக்கு முன்னால், ஒரு பெண் முழங்கை வரை ரப்பர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? எதிர் வீட்டு மாமி துணி எடுக்கிற சாக்கில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டாள்.

விஷயம் இதுதான். டிசம்பரில் கோவாவிலிருந்து அண்டார்டிகாவுக்குக் கப்பல் கிளம்புகிறது. அங்கே பனிக்கடியில் இருக்கிற ஏரியில் முங்கிப் பாசி எடுத்து வர, கடல் ஆராய்ச்சி நிலையத்தில் ஜானுவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

முங்கும்போது உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படாத உடுப்பை இங்கிலாந்தில் தைக்கிறார்கள். கழுத்தையும் மணிக்கட்டையும் கவ்விப் பிடித்துத் தண்ணீரை நிறுத்துகிற பட்டை எந்த ரகம் வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும். பார்த்துச் சொல்ல மாதிரிகள் அனுப்பியிருந்தார்கள். இன்று ஐந்து மணிக்குள் ஃபேக்ஸ் போயாக வேண்டும்.

கழுத்து ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. தடித்த நியோப்ரீன் ரப்பர் கழுத்தை நெரித்தது. பலூன் மாதிரி மெல்லிசான லேடெக்ஸ், பவுடர் போட்டதும் சமர்த்தாகத் தலை வழியே இறங்கியது.

மணிக்கட்டுதான் படுத்தி எடுத்தது. மெல்லிசு, தடிமன், உயிர் போகிற இறுக்கம் என்று மூன்று ரகமும் இடது கையில் தேறின. வலது கையில் மூன்றுமே தோற்றன.

எதுவும் நிற்கவில்லை என்று எழுதினால் உடுப்பு கிடையாது, பயணமும் கிடையாது. பட்டியலில் அடுத்த பெயர் ஸ்ரீனிவாசராகவன். அவர் இப்போதே கம்பளிக் காலுறை வாங்கிவிட்டாராம். நல்ல மனுஷர்தான், ஆனாலும் அந்தக் காலுறையை நினைத்தால் ஜானுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முதல்ல போட்டதையே இன்னொரு தரம் பார்ப்போம்" என்றாள்.

கணவன் ராகவேந்திரன் முக்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். ஒவ்வொரு ரகத்துக்கும் பத்து நிமிஷம். சும்மா உட்கார்ந்திருப்பது அவனுக்கு ஆகாத காரியம். இதுவரை செய்தது போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு கல்யாணியில் ஒரு வர்ணத்தை எடுத்தான்.

இந்த முறை ஜானு தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வலது கை வாளியின் அடியை மெல்லத் தட்டியது. பிறகு சுண்டு விரல் மடங்கியது. மோதிர விரல். நடு விரல். மறுபடி ஒரு தட்டு.

ஒவ்வொரு விரல் மடங்கும்போதும் மணிக்கட்டில் நரம்பு புடைத்தது. அதன் ஓரத்துப் பள்ளத்திலிருந்து கடுகளவு குமிழி ஒன்று மேலே வந்தது.

பட்டையில் குறையில்லை. கை ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ராகவேந்திரனின் குரல் தங்கம். தாளத்துக்கும் அவனுக்கும்தான் ஏழாம் பொருத்தம். தனியாக விட்டால் நாலாவது வரியில் பாட்டு ஒரு தெருவில் போகும், அவன் வேறு தெருவில் போவான். கல்யாணமான ஒன்பது வருஷமாக, தினம் காலையில் அவனை வழிதவறாமல் கூட்டிப் போவது இந்த வலது கைதான். அவன் வாயைத் திறந்தால் அது தானாகவே ஆரம்பித்துவிடும்.

இது அவனுக்குத் தெரியாதா என்ன?

ஜானுவுக்குச் சுருக்கென்றது. ஜூலையில் தேர்வுக் கடிதம் வந்த அன்று, "நாலு மாசமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனவன். போகாதே என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியாத மனுஷன், வேண்டுமென்றேதான் பாடுகிறானோ?

"ஏன்னா, பத்து நிமிஷம் வாயைத் திறக்காம இருங்கோ."

"ஏன், அபஸ்வரமா இருந்துதா?"

"இருங்கோளேன்."

புதுக் காகிதம் சுற்றி, மறுபடி மாட்டி, கையை உள்ளே விட்டாள். அவன் உதட்டை மடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தான். கை வாளிக்குள் சாதுவாகக் கிடந்தது. கீழே காய்கறி வண்டிக்காரன் வந்து, பேரம் பேசி, போய்ச் சேர்ந்தும் விட்டான்.

காகிதம் காய்ந்தபடியே வந்தது.

ஜானுவுக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. மெல்லிசு என்ற கட்டத்தில் அழுத்தமாக டிக் போட்டாள். அவனை நிமிர்ந்து பார்க்க மட்டும் கொஞ்சம் தயக்கமாக இருந்தது.

அவன் படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். லஸ் கார்னர் கடைக்குப் போய் ஃபேக்ஸ் அனுப்ப வேண்டும். உள்ளே போய்ச் செருப்பை மாட்டியவன் என்ன நினைத்தானோ, பீரோவைத் திறந்து எதையோ எடுத்துவந்து அவள் மடியில் வைத்தான். எதுவும் பதியாத ஒரு கேசட்.

"நான் வந்ததும் ஆரம்பிச்சுடலாம். தொண்ணூறு நிமிஷம். விரல் எண்ணினா டேப்ல கேக்காது, எல்லாத்தையும் தொடையில தட்டிண்டே வந்துடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

ஜானு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு லேபிளைப் பார்த்தாள். அவனுடைய குண்டு எழுத்து.

'ஜானு. ஆதி தாளம். டிசம்பர் முதல் மார்ச் வரை.'

அதன் கீழே, வாங்கிய தேதி. ஜூலையில் கடிதம் வந்த அதே நாள்.