ஆற்றுக் காவல்

நாளெல்லாம் மோய் ஆற்றங்கரையில் காவல் நின்ற மலாக்கி, மழையில் தொப்பலாக நனைந்து வீட்டுக்குள் வந்தான்.

"சால்மன் மீன் திருடன் இன்னைக்கும் மாட்டலையா? ஊரே சிரிக்குதுய்யா!" என்றாள் மனைவி அட்ராக்டா, உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டே.

"நான் பாலத்துக்கு மேல நின்னா, கீழ வலை போட்டுடுறான். எப்படித்தான் தெரியுதோ!"

"போதும் புலம்பல். நாளைக்கு எந்தப் பக்கம்? சாப்பாடு கட்டணும்ல?"

பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைக்கக் குனிந்தான் மலாக்கி. பக்கத்திலேயே அவளுடைய பூட்ஸ், முழங்கால்வரை ஈரமாக நின்றது. அதில் ஒட்டியிருந்த சால்மன் செதிலை நகத்தால் சுரண்டி எடுத்து, நெருப்பில் போட்டான்.

"பாலத்துக்கு மேலதான்" என்றான் அலுப்போடு. "நீ வந்ததும் உன் பூட்ஸைக் கழுவி வை."