இதுவும் ஒரு படமா?

"இதுவும் ஒரு படமா? துணியைக் கருக்கிக் கொண்டுவந்து மாட்டிட்டு, கலையாம் கலை!"

கலைக்கூடமே திரும்பிப் பார்த்தது.

பேசியது வேறு யாருமில்லை. படத்தை மாட்டியவளின் சொந்த நாத்தனார்.

படத்தை மாட்டிய இஸ்திரியக்கா, தூணுக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கி நின்றாள்.

குடியிருப்போர் சங்கம் நடத்தும் சின்னக் கலைக்கூடம் அது. பெண்களின் நவீன ஓவியக் கண்காட்சி, மொத்தம் இரண்டே நாள். பல் டாக்டர் ஒருத்தி பழைய எக்ஸ்ரேக்களை ஒட்டி ஒரு ஜன்னலே செய்திருந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடும் நம்ம அக்கா, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை மாட்டியிருந்தாள். அதில் நூற்றுப் பன்னிரண்டு இஸ்திரிப் பெட்டிச் சூடு.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ஒரு நோட்டு. பார்ப்பவர்கள் மனசில் பட்டதை எழுதலாம். மதியம் வரை அக்காவின் நோட்டில் ஒரு எழுத்துகூட விழவில்லை. எல்லோரும் எக்ஸ்ரே ஜன்னலைப் பார்த்து வாய் பிளந்துவிட்டு, விரிப்பைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருவர் அதைத் திரைச்சீலை என்று நினைத்து விலக்கியே பார்த்துவிட்டார்.

"சாயங்காலம் கழட்டிட்டு வந்துடறேன். இனிமே எனக்கு இந்த ஆசையே வேணாம்" என்று வீட்டுக்குப் போன் போட்டு அழுதாள் அக்கா.

போனை எடுத்த நாத்தனார், "அப்படியா அண்ணி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஆறுதல் சொல்லத்தான் வருகிறாள் என்று பார்த்தால், வந்தவள் அண்ணி பக்கம் திரும்பக்கூட இல்லை. நேரே படத்தின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சவென்றே சில பேர் பிறக்கிறார்கள்.

"எங்க வீட்டுல ஒரு சட்டையில இப்படிப் பழுப்பு விழுந்தா தோலை உரிச்சிடுவாங்க. இங்க என்னடான்னா லைட்டு போட்டுக் காட்டறாங்க!"

எக்ஸ்ரே ஜன்னலை விட்டு நாலு பேர் இந்தப் பக்கம் வந்தார்கள்.

"மெதுவாப் பேசுங்கம்மா. செஞ்சவங்க காதுல விழுந்தா மனசு கஷ்டப்படாதா?" என்றாள் ஒரு நர்ஸ்.

"விழட்டுமே! உள்ளதைத்தானே சொல்றேன்."

"கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. பறவைங்க தெரியலை?"

"எனக்கு இஸ்திரிப் பெட்டிதான் தெரியுது."

"அட, ஆமாங்க, பறவைதான்!" என்று குறுக்கே வந்தாள் வேலை முடிந்து வந்திருந்த பஸ் கண்டக்டர். "அதோ மூக்கு. மேல போகப்போக வெளுத்துட்டே போகுது பாருங்க, தூரமாப் பறந்து போற மாதிரி!"

"எங்கே, எங்கே?" என்று பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பத்து பேர் இருபதானார்கள்.

நாத்தனார் விடுகிற மாதிரி இல்லை. "எல்லாம் கை தவறிப் பட்ட சூடு. இதுல என்ன திறமை வேண்டிக்கிடக்கு?"

அவ்வளவுதான். தூணுக்குப் பின்னாலிருந்து அக்கா சீறிக்கொண்டு வந்தாள்.

"கை தவறலை! பதினெட்டு வருஷத்துல அடுத்தவங்க துணி ஒண்ணைக்கூட நான் கருக்கினதில்லை. இது ஒவ்வொண்ணும் எண்ணி வெச்ச சூடு. மூணு எண்ணி எடுத்தா மணல் நிறம். ஆறு எண்ணினா டீ நிறம். எட்டுக்கு மேல போனா ஓட்டை. ஒண்ணு தப்பினாலும் மொத்த விரிப்பும் வீண்!"

மூச்சு வாங்கியது. குரல் தானாகத் தணிந்தது.

"நான் தேய்க்கிற துணியெல்லாம் எங்கெங்கேயோ போகுது. கல்யாணத்துக்கு, இன்டர்வியூவுக்கு, வெளியூருக்கு... நான் மட்டும் அந்த மேஜைகிட்டயே நிக்கறேன். அதான், என் பெட்டியையாவது பறக்க விட்டேன்."

நர்ஸ்தான் முதலில் கைதட்டினாள். அப்புறம் கூடமே தட்டியது.

அதன் பிறகு அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒருத்தி கையைப் பிடித்துக் குலுக்கினாள். இன்னொருத்தி எண்ணிக்கை மூன்றா நான்கா என்று மறுபடி கேட்டுக்கொண்டாள். நோட்டில் எழுத வரிசை நின்றது. பேனாவில் மை தீர்ந்து, கூடத்தின் பொறுப்பாளர் தன் பேனாவைக் கொடுக்க வேண்டியதாயிற்று. "நாளைக்கு இதை வாசலுக்கு நேரா மாட்டிடலாம்" என்றார் அவர்.

கூட்டம் கலைந்ததும் அக்கா நாத்தனாரைத் தேடினாள். அவள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரைக் கடகடவென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல இருக்கிறவங்கல்லாம் எனக்காகப் பேசறாங்க. சொந்த நாத்தனார் நீ, உனக்கு என் மேல அப்படி என்னடி கோவம்?"

"கோவமா? தொண்டையே போச்சு அண்ணி!" நாத்தனார் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அழகா இருக்குன்னு சொல்லியிருந்தா 'ம்'னு தலையாட்டிட்டுப் போயிருப்பாங்க. திட்டினாத்தானே நாலு பேர் பரிஞ்சுக்கிட்டு வருவாங்க?"

அக்காவுக்குச் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

"ஆனா நாளைக்கு நான் வந்தா ஆளை அடையாளம் கண்டுபிடிச்சிடுவாங்க" என்றாள் நாத்தனார். "அதனால உங்க மாமியார் வராங்க. நான் கிளம்பும்போதே கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகையை ஆரம்பிச்சுட்டாங்க!"