தாடையில் ஒரு ஜாடை

"இந்த போட்டோவுல இருக்கிற தாடை மாதிரியே வேணும் டாக்டர். நடுவுல குழியோட."

எலி நீட்டிய படத்தை டாக்டர் வாங்கிப் பார்த்தார். ஒரு பெரியவர், பெட்டி மாதிரி சதுரத் தாடை, நடுவில் குழி. பிறகு எலியைப் பார்த்தார். கீழுதடு முடிந்த இடத்திலேயே கழுத்து ஆரம்பித்துவிடும் முகம். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர்தான் 'எலி'. அதற்குப் பிறகு அவனுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை.

"யாரு இவரு?"

"எங்க அப்பா," என்றான் எலி, கண் கலங்காத குறையாக.

அப்பாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. சமீபத்தில் காலமான ஒரு மரக்கடை முதலாளி. அவருடைய ஒரே மகன் சின்ன வயதில் ரயில்வே ஸ்டேஷன் கூட்டத்தில் தொலைந்தவன், கிடைக்கவேயில்லை. என்றைக்காவது அவன் வந்து, அவனுடைய அத்தையான தன் தங்கை பார்த்து இவன்தான் என்று சொல்லிவிட்டால் வீடும் மரக்கடையும் அவனுக்கே என்று உயில் எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்த உயிலை டைப் அடித்தவள் எலியின் அக்கா. வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பதற்குத்தான் சம்பளம்; யோசனையெல்லாம் அவளாகச் செய்வது.

"அந்த அத்தைக்காரி எதைப் பாத்துடா அடையாளம் சொல்லுவா? ஜாடையைத்தானே? அப்பன் தாடை பிள்ளைக்கு வராம பக்கத்து வீட்டுக்காரனுக்கா வரும்?" என்று கேட்டாள் அவள். ஆபீஸ் ஃபைலில் இருந்த முதலாளியின் படத்தை அவளே செல்போனில் எடுத்தும் கொடுத்தாள்.

டாக்டர் விளக்கினார். "எலும்பு மேல சின்னதா ஒரு சிலிக்கான் துண்டு வெச்சிடுவோம். தையல் வாய்க்குள்ள, உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவுல. வெளியில தழும்பே தெரியாது."

"யாராலயும் கண்டுபிடிக்க முடியாதா?"

"சொந்தக்காரங்களே வந்தாலும் முடியாது."

எலிக்கு அந்த உதாரணம் மிகவும் பிடித்துப்போனது.

"ஆனா முதல்ல நல்லா வீங்கும். கண்ணாடியைப் பாத்து பயந்துடாதீங்க. மெல்லற சாப்பாடு கூடாது. தலையணையை உயர்த்தி வெச்சுப் படுக்கணும். கீழுதடு மரத்துப் போகும், போகப் போகச் சரியாயிடும். முக்கியமா, வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது."

டாக்டர் சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் நடந்தது. முகம் பூசணிக்காயானது. நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போய் அது கழுத்து வரை இறங்கியது. மரத்துப்போன உதட்டில் எதை ஊற்றினாலும் பாதிதான் உள்ளே போனது. மீதி எங்கே போகிறது என்று எலிக்கே தெரியாது.

"முதலாளி, சட்டையெல்லாம் சூப்பு," என்பாள் அக்கா.

"சிரிக்க வைக்காதேக்கா, தையல் இழுக்குது."

"சரிங்க முதலாளி."

அவன் சிரித்துத் தொலைப்பான். பிறகு தாடையைப் பிடித்துக்கொண்டு முனகுவான்.

வீக்கம் வடிய வடிய உள்ளேயிருந்து அந்தத் தாடை மெல்ல எட்டிப் பார்த்தது. போட்டோ ஸ்டூடியோவில் இத்தனை நாளும், "கொஞ்சம் தலையைத் தூக்குங்க" என்றுதான் சொல்வார்கள். இந்த முறை ஒன்றும் சொல்லாமல் எடுத்தார்கள். தொலைந்த மகன் நான்தான் என்று அன்றைக்கே வக்கீலுக்குக் கடிதம் எழுதிப் போட்டான் எலி.

"அத்தை என்ன கேட்டாலும் ஞாபகம் இல்லைன்னு சொல்லு. மிச்சத்தை உன் தாடை பேசும்," என்று சொல்லி அனுப்பினாள் அக்கா.

மரக்கடைக்காரர் வீட்டு ஹாலில் வக்கீல் காத்திருந்தார். அத்தைக்குச் சளி, மூக்குவரை மஃப்ளர் சுற்றிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். சுவரில் அதே படம் பெரிதாக மாட்டியிருந்தது. எலி சரியாக அதன் கீழே போய் நின்றுகொண்டான்.

அத்தை எழுந்து வந்தார். படத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். இரண்டு கையாலும் அவன் தாடையைத் தடவினார். அவருடைய கண் நிறைந்துவிட்டது.

"எங்க அண்ணன் தாடையேதான். குழிகூட அதே இடத்துல."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க அத்தை." எலியின் குரல் குழறியது. பாதி நடிப்பு, மீதி, உதட்டில் இன்னும் மிச்சமிருந்த மரப்பு.

"ஸ்டேஷன்ல நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்காப்பா?"

"ஒண்ணுமே ஞாபகம் இல்ல அத்தை."

"பரவாயில்ல, விடு." வக்கீலிடம் திரும்பினார். "எனக்குச் சந்தேகமே இல்லை. வரச் சொல்லிடுங்க."

வக்கீல் போனோடு வெளியே போனார். அத்தை காபி கொண்டுவந்து கொடுத்தார். கூப்பிட்டது பத்திரம் எழுதுகிறவரைத்தான் என்று நினைத்து, அவர் வருவதற்குள், மரக்கடையின் பெயர்ப்பலகையை மாற்றுவதா, இருப்பதையே விட்டுவிடுவதா என்று எலி யோசித்து முடித்துவிட்டான். காபியை ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தான்.

வந்தது இன்ஸ்பெக்டர்.

"நீங்கதானே அத்தை சொன்னீங்க, அப்பா தாடையேதான்னு?" பதறினான் எலி.

"அதனாலதான் போலீசைக் கூப்பிட்டேன். பொண்ணு பாக்கப் போன இடத்துல எல்லாம் வேணாம்னு சொன்னாங்கன்னு, எங்க அண்ணன் டாக்டர்கிட்ட போய் வெச்சுக்கிட்ட தாடைப்பா அது. அது எப்படிப் பிள்ளைக்கு வரும்? உன்னைப் பாக்கறவரைக்கும் நானும் ஆசையாத்தான் இருந்தேன்," என்று சொல்லி, மூக்கைச் சிந்துவதற்காக அத்தை மஃப்ளரைக் கழற்றினார்.

உள்ளே இருந்தது, இத்தனை வருடமாக எலி கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வெறுத்த அவனுடைய பழைய முகம், அச்சு அசலாக.