அடுத்த ஆள்

ஆடி மூன்றாம் ஞாயிறா, நான்காவதா, எனக்குச் சரியாக நினைவில்லை. கோட்டூர்புரம் ஆற்றோரத்து அம்மன் கோயில் வாசலில் கூழ் அண்டாவின் விளிம்பு வெயிலில் மின்னுகிறது. தாயம்மா ஒவ்வொருவரிடமும் "போதுமா?" என்று கேட்டுக்கேட்டு ஊற்றுகிறாள். தெரு அடிபம்பில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்ற சண்டைக்குப் பிறகு ஒரு வருஷமாகப் பேசாத தங்கை பொன்மணி வரிசையில் வந்து தூக்குவாளியை நீட்டுகிறாள். அம்மன் கூழை யாருக்கும் மறுக்கக் கூடாது. தாயம்மா தலை நிமிராமல் ஊற்றுகிறாள். போதுமா என்று கேட்கவில்லை. கூழ் தளும்பி, வெங்காயத் துணுக்கோடு பொன்மணியின் விரல்களில் வழிகிறது.

"இன்னாக்கா, வாய்ல கொழுக்கட்டையா வச்சிக்கினுகீற?" பொன்மணி சிரிக்கப் பார்க்கிறாள்.

தாயம்மா அகப்பையை மறுபடி அண்டாவுக்குள் விடுகிறாள். "அடுத்த ஆளு வா," என்கிறாள்.

தை மாதம் பொன்மணியின் குடிசை வரிசையை அதிகாரிகள் இடித்து, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே குடியேற்றினார்கள். அங்கே அவள் காய்ச்சலில் இறந்தாள். அடிபம்பு துருப்பிடித்து நின்றுவிட்டது. தாயம்மா அதன்பிறகு கூழ் ஊற்றப் போகவில்லை.