இன்னாசியின் வலது கால்

பெரிய வியாழன் சாயங்காலம். மாதா கோயில் பீடத்தின் முன்னே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு ஆண்களில் கடைசி ஆள், பனியன் கம்பெனி இன்னாசி. ஆண்டவர் தம் சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாக, சாமியார் மண்டியிட்டு ஒவ்வொருவரின் வலது காலையும் கழுவித் துடைத்துக்கொண்டு வருகிறார். பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் விழும் சத்தம் ஆள் ஆளாக இன்னாசியை நெருங்குகிறது. நண்பர்களுக்காக உயிரையே கொடுத்த அந்த ஆண்டவரைப் பற்றிச் சாமியார் சற்றுமுன்தான் பிரசங்கம் சொன்னார். திறந்த வாசல் வழியே, வேப்பமரத்தடியில் சைக்கிளோடு காத்திருக்கும் லிங்கசாமி தெரிகிறான். முருகனைக் கும்பிடுகிறவன், உள்ளே வரக் கூச்சம். போன மாதம் மெஷின் பெல்ட்டில் இன்னாசியின் சட்டை சிக்கி ஆளையே இழுத்தபோது, வலது கையை உள்ளே விட்டு அவனைப் பிடுங்கியவன். கை வெளியே வந்தது, நான்கு விரல்கள் வரவில்லை. இன்று காலையில் கம்பெனி அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. இப்போது வாயில் பீடியோடு, தீப்பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி, இடது கையால் குச்சியை உரசுகிறான். பற்றவில்லை. மறுபடி உரசுகிறான். சாமியார் கையை நீட்டுகிறார். இன்னாசி காலைப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொள்கிறான்.

"என்ன இன்னாசி, காலைக் குடு."

"எனக்கு வேண்டாங்க சாமி. வெளிய ஒருத்தன் நிக்கறானுங்க பாருங்க. அவனுக்குக் கழுவுங்க."

சாமியார் திரும்புகிறார். கோயிலே வாசல் பக்கம் திரும்புகிறது. லிங்கசாமி பதறிப்போய்ப் பற்றாத பீடியைக் கீழே போடுகிறான். பிறகு, அவசரமில்லை, மெதுவா வா என்று இன்னாசிக்குச் சைகை காட்டுகிறான், வழக்கம்போல வலது கையைத் தூக்கி.