குழந்தையம்மாளின் பெஞ்சு

“அந்தாளுக்கு மட்டும் இவ்வளவு நேரமுங்களா?” அழகிரிசாமி பல்லைக் கடித்தார்.

கணபதி பகுதியில் இருந்த அந்தப் பூங்காவில் வியாழக்கிழமை காலையானால் வேப்பமரத்தடி பெஞ்சில் குழந்தையம்மாள் வந்து உட்காருவார். மனசு சரியில்லாத வயதானவர்கள் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். ஒரு தொண்டு நிறுவனம் அவருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பியிருந்தது. காசு கிடையாது, வரிசையில் காத்திருந்தால் போதும்.

இப்போது பெஞ்சில் இருந்தவர் சாமுவேல். குழந்தையம்மாள் தன் ஃபிளாஸ்கிலிருந்து அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். அவர் ஏதோ சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெஞ்சுக்குப் பின்னால் வரிசையில் இருந்த அழகிரிசாமிக்கு வயிறு பற்றி எரிந்தது.

“காப்பி வேறயாமா! சிரிப்பைப் பாருங்க!”

“பாவமுங்கண்ணா, பொண்டாட்டியப் பறிகொடுத்த மனுசனாம்,” என்றார் பக்கத்தில் இருந்த பாத்திமுத்து. அவர் வந்தது இன்றுதான் முதல் தடவை. “அழுதுட்டு வந்தவரு சிரிக்கறாரு. நல்லதுதானுங்களே?”

“எல்லார்த்துக்கும் நல்லதுதான். எனக்குத்தான் ஒண்ணுமில்ல.”

“உங்களுக்கு ஊட்டுல பேச ஆளில்லீங்களா?”

“சம்சாரம் இருக்கறா. வேலை முடிஞ்சு வந்தா அசந்து படுத்துக்கறா. நான் வாயைத் தொறந்தா, ‘கொஞ்சம் சும்மா இருங்க’ங்கறா.” குரல் இறங்கியது. “ஒர்க்‌ஷாப்பை மூடுனதுல இருந்து தூக்கமில்லீங்க. நெஞ்சு படபடங்குது. எதுக்கு உசுரோட இருக்கறோம்னு தோணுது. ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.”

பாத்திமுத்து பதறிப்போனார். “யா அல்லா! அண்ணா, எனக்கு முன்னாடி நீங்க போங்க. மொதல்ல இதைச் சொல்லுங்க.”

சாமுவேல் எழுந்தார். “அடுத்த வாரம் வாரேனுங்க” என்று வேறு சொன்னார். அவரை முறைத்துக்கொண்டே அழகிரிசாமி பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார்.

“வாங்கய்யா, உக்காருங்க,” என்றபடி ஃபிளாஸ்கை மூடிய குழந்தையம்மாள், நிமிர்ந்ததும் திகைத்துப்போனார். “நீங்களா! இங்க எதுக்குங்க வந்தீங்க?”

“ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் காது குடுக்கறயே அம்மணி, அதான் உன்ர புருசனும் வரிசையில வந்துட்டேன்,” என்று மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தவர், உடைந்து அழ ஆரம்பித்தார்.