பாட்டு முடிந்தால்

"மினுமினுக்கிறவன் நான். நான்தான் முன்னால் நிற்பேன்!" என்று சண்டை பிடித்துக்கொண்டு பொன்வண்டு பறந்துபோய்விட்டது. தாளம் போட்டவனே போனதும் பாட்டுக் குழு கலைந்தது. தாளம் இல்லாமல் சில்வண்டுக்குப் பாட்டே வரவில்லை. ஆள் தேடி ஒரு வீட்டுக்குள் நுழைந்தது.

முதலில் ஒழுகுகிற குழாயைக் கேட்டுப் பார்த்தது. அது அவசரமாக ஒரு சொட்டு, கொட்டாவி விட்டபடி ஒரு சொட்டு. சரிப்படவில்லை.

அப்போது சுவரில் கச்சிதமாக ஒரு "டிக், டிக்" கேட்டது. ஆசையாகத் திரும்பினால், பல்லி!

ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் இப்படி ஒரு தாளம் வேறெங்கே கிடைக்கும்? எட்ட நின்றே கேட்டது. "அண்ணே, என் பாட்டுக்குத் தாளம் போட வர்றீங்களா?"

பல்லி பூரித்துப்போனது. "நான் நாக்கைத் தட்டினா இந்த வீட்டுல கல்யாணத்தையே நிச்சயம் பண்ணிடறாங்க. அதைத் தாளம்னு சொன்ன முதல் ஆளு நீதான் தம்பி!"

"சந்தோஷம் அண்ணே. ஆனா... என்னைச் சாப்பிட்டுட மாட்டீங்களே?"

பல்லியாயிற்றே, பொய் சொல்ல வரவில்லை. "நாக்கு தாளத்துல இருக்கிற வரைக்கும் பயமில்லை. பாட்டு முடிஞ்சா எனக்குப் பசிக்கும். அதையும் இப்பவே சொல்லிடறேன்."

சில்வண்டு ஜன்னலைப் பார்த்தது. பல்லியைப் பார்த்தது. பிறகு உற்சாகமாகச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டது.

"அப்போ கொஞ்சம் நீளமான பாட்டாவே எடுத்துக்கலாம் அண்ணே."

விடிந்தபோதும் அவர்கள் பல்லவியைத் தாண்டவில்லை.